எனக்கும் மீசை உண்டு

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சு, மூணு தடவை எழுதி அழிச்சு, கடைசியில இன்னிக்குத் துணிஞ்சு உக்காந்தாச்சு. வழக்கமா இங்க சினிமா, சாப்பாடு, ஆபீஸ்ல புடுங்கற ஆணின்னு ஏதாவது மொக்கை போட்டுக்கிட்டு இருப்பேன். இன்னிக்கு மேட்டர் வேற. பொண்ணுங்க முகத்துல முளைக்கிற முடி. "ஓ, லேடீஸ் மேட்டர்"னு ஆண் பதிவர்கள் யாரும் எஸ்கேப் ஆக வேண்டாம். உங்க வீட்டுலயும் இது நடந்துக்கிட்டுதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு மதுரைக்குப் போயிருந்தேன். அக்காவும் வந்திருந்தா. அவ பொண்ணு பாப்புவுக்குப் பதிமூணு வயசு, எட்டாவது படிக்கிறா. மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில குளிக்கப் போனவ அரை மணி நேரமாகியும் வெளிய வரல. கதவைத் தட்டினா சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா தாழ்ப்பாளைத் திறந்துக்கிட்டு வர்றா, மேலுதட்டு மேல துண்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு. துண்டுல ரத்தம். கையில எங்கப்பாவோட ரேசர்.

அப்புறம் என்ன, வீடே ரெண்டாயிடுச்சு. "ஷேவ் பண்ணினா தடி தடியா வளரும்டி, ஆம்பள மாதிரி ஆயிடுவ, யார் சொன்னா உனக்கு இதெல்லாம்?"னு அக்கா கத்துறா. அப்பா தன் ரேசரைப் பார்த்துக்கிட்டே முழிக்கிறார். அம்மா வாயே திறக்கல. பாப்பு தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே, "கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க"ன்னா. என்ன சொல்றாங்கன்னு யாரும் கேக்கல. கேக்க வேண்டிய அவசியமும் இல்ல, எனக்குத் தெரியும்.

இதுல கேவலம் என்னன்னா, அந்த ரூம்ல என் பையும் இருந்துச்சு. பைக்குள்ள சின்ன ஜிப்ல என்னோட ரேசர். ரெண்டு வருஷமா நான் மேலுதட்டை ஷேவ்தான் பண்ணிக்கிறேன். தடியாவும் வளரல, ஆம்பளையாவும் ஆகல. ஆனா அன்னிக்கு நான் வாயைத் திறக்கல. ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தேன்.

சரி, இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில முதல் பரிசு வாங்கினேன். மேடையில இருந்து கீழ இறங்கி வரும்போது கடைசி பெஞ்சுல ஒருத்தன் "டேய், வீரப்பன் வர்றாருடா"ன்னான். மொத்த வரிசையும் சிரிச்சுது. அந்தப் பரிசுக் கோப்பை இன்னும் வீட்டு அலமாரியில இருக்கு. அதைப் பார்த்தா பேசின பேச்சு ஞாபகம் வராது, அந்தச் சிரிப்புதான் வரும்.

2024 ஏப்ரல்ல உத்தரப் பிரதேசத்துல பத்தாம் வகுப்பு போர்டு தேர்வுல மாநிலத்துலயே முதலா வந்த பொண்ணை ஞாபகம் இருக்கா? 98.5 சதவீதம் மார்க். நாடு முழுக்க அந்தப் பொண்ணோட மார்க்கைப் பத்திப் பேசினவங்களை விட அவ உதட்டு மேல இருந்த முடியைப் பத்திப் பேசினவங்கதான் ஜாஸ்தி. அந்த வாரம் நான் ஆபீஸ்ல உக்காந்து கண்ணு கலங்கினது யாருக்கும் தெரியாது.

எங்க அப்பத்தா வைத்தியம் முதல்ல வந்துச்சு. குப்பைமேனி இலையும் கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்குப் பொடியும் சேர்த்து அரைச்சு ராத்திரி பூசணும். ஒரு வருஷம் விடாம பூசினேன். தலையணை உறைதான் மஞ்சளாச்சு. அப்பத்தா மேல எனக்குக் கோபமே இல்ல, உக்காந்து அரைச்சுக் கொடுத்த அன்பு பெரிசு. ஆனா முடியோட வேர் தோலுக்குள்ள ஆழத்துல இருக்கு. மேல பூசற மாவு அங்க போய் ஒண்ணும் பண்றதில்ல. காய்ஞ்சதும் வறட்டு வறட்டுன்னு தேய்ச்சுக் கழுவறப்ப நாலு முடி உடையும், அவ்வளவுதான்.

காலேஜ் ஹாஸ்டல்ல த்ரெட்டிங் அறிமுகமாச்சு. ரூம்மேட் ஒருத்தி நூலை வாயில கடிச்சுக்கிட்டு, "மேலுதட்டை நாக்கால முட்டிப் பிடி"ன்னு சொல்லி ஒரு இழு இழுப்பா. கண்ணுல தண்ணி தன்னால கொட்டும். முடிச்சிட்டுக் கண்ணாடி பார்த்தா, உலகத்துலயே நான்தான் அழகி. பத்துப் பதினஞ்சு நாள்ல மறுபடி வீரப்பன் :-)

அப்புறம் ப்ளீச். ஹைட்ரஜன் பெராக்சைடு முடியைக் கறுப்புல இருந்து பொன் நிறமாக்கும், முடி அங்கயேதான் இருக்கும். வெள்ளைக்காரங்களுக்கு அது மறைஞ்சு போகலாம். என் கலருக்கு வெயில்ல நின்னா தங்க மீசை பளபளன்னு மின்னிச்சு. கறுப்பு மீசைக்காவது ஒரு கௌரவம் இருந்துச்சு.

முடி நீக்கற கிரீம் கதை இன்னும் சோகம். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி கால்ல போடற கிரீமை எடுத்து உதட்டு மேல போட்டுட்டேன். அஞ்சு நிமிஷம்னு எழுதியிருந்துச்சு, நல்லாப் போகட்டுமேன்னு பத்து நிமிஷம் விட்டேன். அந்தக் கிரீம்ல இருக்கற தயோகிளைகோலேட் முடியோட கெரட்டினைக் கரைக்கும். நம்ம தோலோட மேல் அடுக்கும் கெரட்டின்தான்னு அன்னிக்கு எனக்குத் தெரியல. மறுநாள் உதட்டு மேல சிவப்பா எரிஞ்சு போன மீசையோட உக்காந்து லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடச் சொன்ன கேள்விக்குப் பதில் சொன்னேன். வேலை கிடைச்சுது. சிவப்பு போனதுக்கப்புறம் அதே இடத்துல கறுப்புத் தழும்பு வந்து நாலு மாசம் நின்னுச்சு. முடி கூட அவ்வளவு கறுப்பா இருந்ததில்ல.

சென்னைக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சப்புறம் வேக்ஸிங். அப்ப பருவுக்காக அடாபலீன் ஜெல் போட்டுக்கிட்டு இருந்தேன். அந்த மாதிரி மருந்து போடற முகத்துல வேக்ஸ் போடக்கூடாது, தோலும் கூடவே உரிஞ்சு வந்துடும். பார்லர்ல யாரும் கேக்கல, நானும் சொல்லல. உரிஞ்சு வந்துச்சு. மறுபடி தழும்பு, மறுபடி மாசக்கணக்கு.

கடைசியா லேசர். உண்மையில அது லேசரே இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, ஐ.பி.எல்.னு சொல்ற பளிச் பளிச்னு அடிக்கிற விளக்கு. ஒரு அழகு நிலையத்துல முகம் முழுக்க எட்டு சிட்டிங், முப்பத்திரண்டாயிரம் ரூபா, கிரெடிட் கார்டுல தவணை. நாலாவது சிட்டிங் முடிஞ்சப்ப ஒண்ணு கவனிச்சேன். கன்னத்து ஓரத்துல பூனை முடி மட்டும் இருந்த இடத்துல கறுப்பா, தடிப்பா முடி. போய்ச் சொன்னா, "இன்னும் ரெண்டு சிட்டிங்ல போயிடும் மேடம்". போகல. இன்னும் கொஞ்சம் வந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். அம்பது வயசுக்கு மேல இருக்கும் அந்தம்மாவுக்கு. முகத்தைக் கூட சரியாப் பார்க்கல, முதல் கேள்வியே, "பீரியட்ஸ் மாசா மாசம் வருதாம்மா?" எனக்கு நாற்பத்தஞ்சு நாள், அறுபது நாள்னு தள்ளித் தள்ளிப் போகும். ஐ.டி. வேலை, டென்ஷன், நைட் ஷிப்ட்னு நானே காரணம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு தாள் எடுத்து மேலுதடு, தாடை, மார்பு, வயிறு, முதுகுன்னு ஒன்பது இடத்துக்கும் பூஜ்யத்துல இருந்து நாலு வரை மார்க் போட்டாங்க. ஃபெரிமன், கால்வே அப்படின்னு ரெண்டு பேர் 1961ல உண்டாக்கின கணக்காம் அது. பரீட்சைன்னு வந்துட்டா நமக்குத்தான் மார்க் குவியுமே.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தப்புறம் பி.சி.ஓ.எஸ்.னு சொன்னாங்க. ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதலா சுரக்குது. எல்லாப் பெண்களுக்கும் அந்த ஹார்மோன் கொஞ்சம் இருக்கும், அது கூடினாலோ, முடியோட வேர் அதுக்கு ரொம்ப உணர்ச்சியா இருந்தாலோ, பூனை முடி தடிச்ச முடியா மாறிடும். குழந்தை பெறும் வயசுல இருக்கற பெண்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு இது இருக்கு, அதுல 70 சதவீதம் பேர் வரைக்கும் தங்களுக்கு இருக்கறதே தெரியாம இருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இதைக் கவனிக்காம விட்டா பின்னாடி சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. எங்கம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயசுலயே சர்க்கரை.

யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷமா நான் ஸ்கிரீன்ல தெரியற எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பக் பின்னாடி எங்கயோ ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஆபீஸ்ல ஒரு ஃப்ரெஷர் இப்படிப் பண்ணியிருந்தா நானே கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன்.

இதை எழுதறதுக்குக் காரணமே, நான் பட்டதை இன்னொரு பொண்ணு முதல்ல இருந்து பட வேண்டாம்னுதான். நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் "எது பெஸ்ட்?"னு ஒரே கேள்வி. அது தப்பான கேள்வி. என் அனுபவத்துல இந்த வரிசையில கேக்கணும்:

முதல் கேள்வி: ஏன் வந்துச்சு?

நம்ம தெற்காசியப் பெண்களுக்கு மேலுதட்டுல கொஞ்சம் முடி இருக்கறது சர்வ சாதாரணம். அம்மாவுக்கு, அத்தைக்கு இருந்தா நமக்கும் இருக்கும், அது நோய் இல்ல. ஆனா தாடையில, கழுத்துல தடிச்ச முடி வருது, பீரியட்ஸ் தள்ளிப் போகுது, திடீர்னு எடை ஏறுது, தலைமுடி நடு வகிட்டுல கொட்டுதுன்னா பார்லருக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. சில மாசத்துக்குள்ள வேகமா முடி வளர்ந்து, குரலும் கட்டையா மாறினா தள்ளிப் போடவே கூடாது. மருந்து கொடுத்தாலும் வித்தியாசம் தெரிய ஆறு மாசமாவது ஆகும். ஏற்கனவே தடிச்ச முடி மருந்தால உதிர்ந்து போயிடாது, புதுசா தடிக்கிறது குறையும். அதனால மருந்தோட கூட வேற வழியும் தேவைப்படும்.

ரெண்டாவது: எந்த மாதிரி முடி?

கன்னத்துல இருக்கற பூனை முடியும் தாடையில இருக்கற கம்பி முடியும் ஒண்ணு இல்ல. லேசர் முடியில இருக்கற கறுப்பு நிறமியைத் தேடித்தான் சுடும். 1983ல ஆண்டர்சனும் பாரிஷும் சொன்ன தத்துவம் அது: சரியான அலைநீளத்தைச் சரியான நேரத்துக்குக் கொடுத்தா சுத்தி இருக்கற தோலை விட்டுட்டு நிறமியை மட்டும் சூடாக்கலாம். பூனை முடியில நிறமி கம்மி. அதைச் சுட்டா சாகாம, சில பேருக்குத் தூண்டப்பட்டு தடிப்பா வளர ஆரம்பிச்சுடும். எனக்கு நடந்தது அதுதான். முகத்துலயும் கழுத்துலயும், கறுப்பான தோல் இருக்கறவங்களுக்கும், ஹார்மோன் கோளாறு இருக்கறவங்களுக்கும் இப்படி நடக்கறது அதிகம்னு அந்த டாக்டர் சொன்னாங்க. நான் எல்லாக் கட்டத்துலயும் டிக் அடிக்கிற ஆளு.

மூணாவது: உங்க தோல் என்ன பண்ணும்?

இதுதான் நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். நம்ம தோல்லயும் நிறமி அதிகம். எங்க புண்ணானாலும், சூடுபட்டாலும், எரிஞ்சாலும் அந்த இடம் கறுத்துப் போகும், போக மாசக்கணக்காகும். எனக்கு முடியால வந்த கறுப்பை விட, முடியை எடுக்கப் போய் வந்த கறுப்புதான் ஜாஸ்தி. அதனால என்னோட ஒரே விதி: எந்த வழி தோலைக் கம்மியாப் புண்ணாக்குதோ அதுதான் நமக்கு நல்ல வழி.

லேசர்னா 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர் இருக்கான்னு கேளுங்க. அது தோலோட மேல் அடுக்குல கம்மியா உறிஞ்சப்பட்டு ஆழமாப் போகும், அதனால மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பாதுகாப்பு அதிகம். டயோட் லேசரும் அனுபவம் உள்ளவங்க கையில சரிதான். மெஷின் பேரைச் சொல்லத் தயங்கறாங்க, டாக்டரைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறாங்க, முதல்ல ஒரு சின்ன இடத்துல போட்டுப் பார்க்க மாட்டேங்கறாங்கன்னா கிளம்பி வந்துடுங்க. வெயில்ல அலைஞ்சு கறுத்த முகத்தோட லேசர் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் வளர்ற நிலையில இருக்கற முடி மட்டும்தான் மாட்டும், அதான் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு எட்டு சிட்டிங் தேவைப்படுது. "நிரந்தரமா போயிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நிரந்தரமா குறையும், அவ்வளவுதான். ஹார்மோன் பிரச்சினை இருந்தா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை திரும்பப் போக வேண்டியிருக்கும்.

நிரந்தர நீக்கம்னு அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. ஒத்துக்கற ஒரே வழி எலக்ட்ராலிசிஸ். 1875ல சார்லஸ் மிஷெல்னு ஒரு கண் டாக்டர் கண்ணுக்குள்ள குத்தற இமை முடியை எடுக்கக் கண்டுபிடிச்சது. ஒவ்வொரு முடி வேருக்கும் ஊசி இறக்கி மின்சாரம் பாய்ச்சணும். கறுப்பு முடி, வெள்ளை முடி எதுக்கும் வேலை செய்யும். ஆனா ஆமை வேகம், வலி, கை தேர்ந்த ஆள் இல்லைன்னா தழும்பு. பத்து இருபது முடின்னா யோசிக்கலாம்.

நாலாவது: எவ்வளவு நாள் பராமரிக்க முடியும்?

த்ரெட்டிங் மலிவு, ரெண்டு மூணு வாரம் தாங்கும். உதட்டுக்குப் பரவாயில்ல. பரு இருந்தா வேண்டாம். நூலைப் புதுசா எடுக்கச் சொல்லுங்க, வாயில கடிக்காம கழுத்துல மாட்டிச் செய்யறவங்க கிடைச்சா இன்னும் நல்லது. தாடையில கம்பி முடியைப் பிடுங்கிக்கிட்டே இருந்தா சில முடி தோலுக்குள்ளயே சுருண்டு வளர்ந்து கட்டி கட்டியா வரும், அப்புறம் கறுப்பு. பேட்டரியில ஓடற சின்ன ட்ரிம்மர் தோலைத் தொடாம மேலோட வெட்டும், முதல் தடவை பண்றவங்களுக்கு அதுதான் பயமில்லாதது. டாக்டர் எழுதிக் கொடுக்கற எஃப்லோர்னித்தின்னு ஒரு கிரீம் உண்டு, முடியை நீக்காது, வளர்ற வேகத்தைக் குறைக்கும், நிறுத்தினா ரெண்டு மாசத்துல பழையபடி.

அப்புறம், ஷேவிங். தடிப்பா வளரும்ங்கறது சுத்தப் பொய். 1928லயே மில்ட்ரெட் ட்ராட்டர்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்து எழுதிட்டாங்க. தோலுக்கு வெளிய இருக்கறது உயிரில்லாத முடி. அதை வெட்டினா கீழ இருக்கற வேருக்குச் சேதியே போகாது. தானா வளர்ந்த முடி நுனியில மெலிஞ்சு இருக்கும், வெட்டின முடி நுனி மட்டமா இருக்கறதால சொரசொரன்னு தெரியுது. கதை அவ்வளவுதான். இதுல பெரிய ஜோக் என்னன்னா, லேசருக்கு நாலஞ்சு வாரம் முன்னாடியே த்ரெட்டிங், வேக்ஸிங் எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு, "ஷேவ் பண்ணிட்டு வாங்க"ன்னுதான் டாக்டரே சொல்றாங்க. வேர் உள்ள இருந்தாத்தானே சுட முடியும்!

முகத்தைக் கழுவி ஈரமா இருக்கும்போது ஏதாவது ஜெல் தடவி, புது பிளேடால, முடி வளர்ற திசையிலயே மெதுவா இழுங்க. பரு மேல ஓட்டாதீங்க. யாரோட ரேசரையும் கடன் வாங்காதீங்க. (அப்பாவோடதையும்தான், பாப்பு.)

இப்ப என் கணக்கு இது: தாடைக்கு டாக்டர்கிட்ட ஏழு சிட்டிங் யாக் லேசர், முக்கால்வாசி போயிடுச்சு. மேலுதட்டுக்கு அஞ்சு நாளைக்கு ஒரு தடவை ரேசர், ரெண்டு நிமிஷம். கன்னத்து முடியை அப்படியே விட்டுட்டேன். ரெண்டு வருஷமா புதுத் தழும்பு ஒண்ணு கூட இல்ல.

அஞ்சாவது கேள்வி ஒண்ணு இருக்கு: யாருக்காக?

பத்திரிகையில அழகுக் குறிப்புப் பக்கத்துல "தேவையற்ற ரோமங்கள்"னு எழுதுவாங்க. யாருக்குத் தேவையற்றது? முடி எனக்கு வலிக்கல, அரிக்கல, ஒரு வேலைக்கும் குறுக்க வரல. கடைசி பெஞ்சுக்காரனுக்குத்தான் இடைஞ்சல். அதுக்காக நான் பெரிய புரட்சிக்காரின்னு சொல்லிக்க மாட்டேன், இன்னிக்கும் ஷேவ் பண்ணாம ஆபீஸ் மீட்டிங்குக்குப் போக எனக்குத் தைரியம் இல்ல. ஆனா எடுக்கறதும் விடறதும் என் இஷ்டம்னு தெரிஞ்சு எடுக்கறதுக்கும், பயந்து ஒளிஞ்சு எடுக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சரி, பொங்கல் கதைக்கு வர்றேன்.

அன்னிக்கு ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் அடுப்படியில தண்ணி குடிக்கப் போனேன். அம்மா விழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் எழுந்து போய் கடுகு டப்பாவுக்குப் பின்னாடி கையை விட்டு ஒரு பழைய பௌடர் டப்பாவை எடுத்தாங்க. உள்ள ஒரு சின்னச் சாமணம், உடைஞ்ச கண்ணாடித் துண்டு.

"எனக்குத் தாடையில முப்பது வயசுலேர்ந்து வரும்டி. விடியக்காலையில நீங்கள்லாம் எந்திரிக்கிறதுக்குள்ள இங்க உக்காந்து எடுத்துருவேன். உங்கப்பாவுக்குக் கூடத் தெரியாது."

எனக்குக் கோபம்தான் முதல்ல வந்துச்சு. "அப்ப ஏம்மா ஒன்பதாவதுல நான் அவ்வளவு அழுதப்ப சொல்லல?"

"சொல்லியிருந்தா, அம்மாவுக்கே போகல, நமக்கும் போகாது போலன்னு நெனச்சு இன்னும் அழுதிருப்ப. அதான்."

நான் திரும்பிப் பேசல. பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? காலையில ரேசரைப் பைக்குள்ள வச்சுக்கிட்டே பாப்பு அழறதைப் பார்த்துக்கிட்டு நின்னவதானே நானும்.

மறுநாள் காலையில பாப்புவை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் என் ரேசரைக் காட்டினேன். மேல எழுதின கதை எல்லாத்தையும் சொன்னேன், தங்க மீசை, எரிஞ்ச மீசை, எல்லாம். தங்க மீசைக்குச் சிரிச்சா. "உன் வயசுல லேசர், ப்ளீச், கிரீம் எதுவும் வேண்டாம். பீரியட்ஸ் வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு, ஹார்மோன் இன்னும் செட்டில் ஆகல, முன்னப் பின்னத்தான் வரும். பின்னாடியும் சரியாகலைன்னா நானே உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எடுக்கணும்னு தோணினா ஒரு ட்ரிம்மர் வாங்கித் தர்றேன். வேண்டாம்னா அப்படியே விட்டுரு"ன்னேன். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, "முதல்ல இந்தக் காயம் ஆறட்டும் சித்தி, அப்புறம் சொல்றேன்"னா. எனக்கு அந்த வயசுல இந்தப் புத்தி இருந்திருந்தா முப்பத்திரண்டாயிரம் மிச்சம்.

அக்கா இன்னும் நம்பல. "உனக்குத் தடிக்கல, எல்லாருக்கும் அப்படியா?"ங்கறா. 1928னு ஆரம்பிச்சேன், போடி வேலையைப் பாருன்னுட்டா.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு மத்தியானம் அம்மா என்னை ஜன்னல்கிட்ட கூப்பிட்டாங்க. கையில அந்தச் சாமணம். "இப்பல்லாம் வெள்ளையா வருதுடி, கண்ணாடி போட்டாலும் தெரிய மாட்டேங்குது. நீயே எடுத்து விடேன்."

வெள்ளை முடிக்கு லேசர் வேலை செய்யாது. எலக்ட்ராலிசிஸ் பத்திச் சொன்னேன், "இந்த வயசுல ஊசியா"ன்னு சிரிச்சாங்க. சரின்னு சாமணத்தை வாங்கிக்கிட்டேன். மூணே மூணு முடி. பாப்பு பக்கத்துல நின்னு செல்போன் டார்ச் அடிச்சா. ஹால்ல அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார், கதவு திறந்துதான் இருந்துச்சு. அம்மா அதைச் சாத்தச் சொல்லல.

பி.கு: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டற ஆளு. மேல இருக்கறது என் அனுபவமும், டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும்தான். மருந்து விஷயத்துக்கு உங்க டாக்டரைக் கேளுங்க. "ஷேவ் பண்ணினா தடிக்கும்"னு பின்னூட்டம் போட வர்றவங்க, தயவுசெஞ்சு முதல்ல எங்க அக்காகிட்ட கூட்டணி பேசிட்டு வாங்க :-)